பிள்ளையிடமிருந்து வாத்தியாரிடம்: ஒரு வினைச்சொல் இடம் மாறிய கதை

பள்ளிக் கல்வித் துறையிலிருந்து பள்ளிகளுக்கு வரும் கடிதத்துக்கு மாறாத அச்சு ஒன்று உண்டு. தலைப்பில் ‘இயக்குநரின் செயல்முறைகள்’ என்றோ ‘முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள்’ என்றோ இருக்கும். அதற்கடுத்து ந.க.எண், நாள், அதன்கீழ் ‘பொருள்’, ‘பார்வை’, பிறகு நாலைந்து பத்திகள். முடிவில், தலைமையாசிரியர்கள் அனைவரும் இன்னதை இன்ன தேதிக்குள் செய்யுமாறு ‘அறிவுறுத்தப்படுகிறார்கள்’. சென்னைப் பள்ளிக்குப் போனாலும் விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் வட்டத்து அவலூர்பேட்டைக்குப் போனாலும் வாசகம் ஒன்றுதான். அந்தக் கடைசிச் சொல்லிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: இது ஆணையா, அறிவுரையா? செய்யாமல் விட்டால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும் என்பதால் ஆணைதான். ஆனால் சொல்லின் உடம்பில் அறிவு இருக்கிறது. யாரோ யாருக்கோ எதையோ தெரியவைப்பது போன்ற பாவனை இருக்கிறது. இந்த இரட்டை வேலை, ‘இன்ஸ்ட்ரக்ட்’ என்ற ஆங்கில வினையிடமிருந்து நம் அலுவலகத் தமிழுக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் அந்த வினை ஒரு துறையின் பெயராகவே ஆனபோது அதன் செயப்படுபொருள் மெல்ல மாறியது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். முதலில் இன்ஸ்ட்ரக்ட் செய்யப்பட்டது பிள்ளை. பிறகு இன்ஸ்ட்ரக்ட் செய்யப்பட்டது பிள்ளைக்குப் பாடம் சொன்ன வாத்தியார்.

ஆங்கிலத்தில் இந்த வினை எப்படிப் புழங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ‘டீச்’ என்ற எளிய வினையோடு ஆளையும் பாடத்தையும் நேரடியாகச் சேர்க்க முடியும். ‘இன்ஸ்ட்ரக்ட்’ அப்படி இடம் கொடுக்காது. அதற்கு ஆள் மட்டுமே நேரடிச் செயப்படுபொருள். பாடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ‘இன்’ என்ற முன்னிடைச்சொல்லின் துணை வேண்டும். அந்த இடத்தில் ‘டு’ வந்து வேறொரு வினை தொடர்ந்தால் பொருள் ‘செய்யும்படி உத்தரவிடு’ என்று ஆகிவிடும். ‘தட்’ வந்தால் ‘இன்ன செய்தியைத் தெரிவி’ என்று ஆகும். கற்பித்தல், ஏவுதல், தெரிவித்தல் ஆகிய மூன்று பொருளுக்கும் பொதுவாக நிற்பது ஆள்தான். பாடம் வரும் போகும். எதிரே ஆள் இருந்தே தீர வேண்டும். இதன் லத்தீன் வேரான ‘இன்ஸ்ட்ருவெரே’வுக்கு அடுக்குதல், கட்டியமைத்தல், ஆயத்தம் செய்தல் என்று பொருள். படையை அணிவகுத்து நிறுத்துவதற்கு ரோமானியர்கள் இந்த வினையைத்தான் பயன்படுத்தினார்கள். ‘ஸ்ட்ரக்சர்’, ‘இன்ஸ்ட்ருமென்ட்’ எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

தமிழ் இந்த வேலைகளைத் தனித்தனிச் சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கல் என்ற தன்வினையிலிருந்து கற்பி என்ற பிறவினை பிறக்கிறது. பயில் என்பதிலிருந்து பயிற்று. கற்பவனின் செயல் வேராகவும் கற்பிப்பவரின் செயல் அதன்மேல் ஏறிய விகுதியாகவும் நிற்கின்றன. ‘மாணவனுக்கு இலக்கணம் கற்பித்தார்’ என்பதில் மாணவன் நான்காம் வேற்றுமையில், பெற்றுக்கொள்பவனாக நிற்கிறான். உத்தரவு என்றால் அதற்கு ஏவு, பணி, ஆணையிடு, கட்டளையிடு என்று வேறு வரிசை. புலவர் வழக்கில் ஆசிரியர் பாடம் சொன்னார், மாணவர் பாடம் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடம் ‘கேட்டார்’ என்றுதான் இன்றும் எழுதுகிறோம். அறிவுறுத்து என்ற சொல்லும் பிறவியிலேயே அதிகாரச் சொல் அன்று. குறளின் 128-ஆம் அதிகாரத்துக்குப் பெயர் ‘குறிப்பறிவுறுத்தல்’. அங்கே காதலர் நடுவே உள்ளக் குறிப்பைத் தெரியவைக்கிறார்கள். புறத்திணையில் ‘செவியறிவுறூஉ’ என்றொரு துறை உண்டு. அதில் பேசுகிறவர் புலவர், கேட்கிறவர் அரசர். அறிவுறுத்தல் அங்கே கீழிருந்து மேலே போகிறது! இன்றைய நாளிதழில் ‘ஆட்சியர் அறிவுறுத்தினார்’ என்று வரும் செய்தியில் அந்தத் திசை முழுவதும் மறைந்துவிட்டது.

ஆங்கிலத்திலும் இந்த வினை எப்போதும் மேலிருந்து கீழே பாய்வதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நீதிமன்றத்தில் கட்சிக்காரர்தான் வழக்கறிஞரை இன்ஸ்ட்ரக்ட் செய்கிறார். அரசு வழக்கறிஞர் நீதிபதியிடம் ‘இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் வாங்கிச் சொல்கிறேன்’ என்று வாய்தா கேட்பது அன்றாடக் காட்சி. சட்டம் தெரிந்தவர் வழக்கறிஞர், விவரம் தெரிந்தவர் கட்சிக்காரர் என்பதால் அங்கே தெரிவித்தலும் பணித்தலும் ஒன்றாகப் போகின்றன. யாருக்கும் சிறுமை இல்லை. அரசியலமைப்பின் வரலாற்றிலும் இப்படி ஓர் இடம் உண்டு. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் கவர்னர்களுக்கு ‘இன்ஸ்ட்ருமென்ட் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ என்ற ஆவணம் கொடுக்கப்பட்டது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகளை அந்த ஆவணத்தோடு ஒப்பிட்டார். முன்பு கவர்னருக்குத் தரப்பட்டது இப்போது சட்டமன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் தரப்படுகிறது என்றார். அந்த நெறிகளை நீதிமன்றத்தின் வழியாக நிறைவேற்ற முடியாது என்பதை 37-ஆம் பிரிவு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. இந்த இன்ஸ்ட்ரக்ஷனின் வலு எவ்வளவு என்று படிக்கிற எவருக்கும் தெரியும். ஆகவே கோளாறு வினைச்சொல்லிடம் மட்டும் இல்லை. வலு எவ்வளவு என்று சொல்லாமல் அதைப் பயன்படுத்தும் இடத்தில்தான் கோளாறு, அப்படிப்பட்ட இடத்துக்குக் கல்வித்துறை ஒரு பழைய உதாரணம்.

கதை 1822-இல் தொடங்குகிறது. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ அந்த ஆண்டு ஜூன் 25 அன்று எழுதிய குறிப்பில், ஒவ்வொரு கலெக்டரும் தம் ஜில்லாவில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், என்ன சாதி, என்ன படிப்பு என்று கணக்கெடுத்து அனுப்பச் சொன்னார். உள்ளூர்ப் பள்ளிகளில் தலையிடுவது தம் நோக்கம் இல்லை, மக்கள் தம் பள்ளிகளைத் தம் முறைப்படியே நடத்திக்கொள்ளட்டும் என்பதையும் அதிலேயே தெளிவாக்கினார். பதில்கள் வந்து சேர்ந்தபின், 1826 மார்ச் 10-ஆம் தேதிக் குறிப்பில் கணக்கை வெளியிட்டார்: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மக்கள்தொகை 1,28,50,941. இன்றைய செஞ்சி, மேல்மலையனூர்ப் பகுதிகளை உள்ளடக்கியிருந்த தென்னாற்காடு ஜில்லாவின் கணக்கும் அதில் இருந்தது. இந்த ஆவணங்களை 1983-இல் நூலாக வெளியிட்ட தரம்பால், தென்னாற்காட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் முதல் மூன்று வருணத்தார் 13 விழுக்காடு அளவுதான், சூத்திரர் என்றும் பிற சாதியார் என்றும் குறிக்கப்பட்டவர்கள் 84 விழுக்காட்டுக்கும் மேல் என்று காட்டினார். அந்தக் கணக்கு எழுப்பிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அதில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை மிகச் சிறியது. ‘பிற சாதியார்’ என்ற கட்டத்துக்குள் யார் யார் இருந்தார்கள் என்று அந்தப் பட்டியலை வைத்து அறுதியிட முடியாது. நம் வாதத்துக்குத் தேவையான செய்தி வேறு. இந்தப் பள்ளிகளின் வாத்தியாருக்கு மேலே எவரும் இல்லை. பிள்ளைகளின் வீடுகள் கொடுத்த கூலியில் அவர் வாழ்ந்தார். அந்த வருமானம் மாதம் ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை என்றும் தகுதியானவர்கள் இத்தொழிலுக்கு வராததற்கு அதுவே காரணம் என்றும் மன்றோ எழுதினார்.

அந்தத் திண்ணைப் பள்ளிகளுக்குள் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகும். ஓலைக்கும் எழுத்தாணிக்கும் பிறகுதான் முறை. அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்று படிப்பு ஏறும். ஒருவன் முன்னே சொல்ல மற்றவர்கள் பின்னே ஒருமித்துச் சொல்வதற்கு ‘முறைவைத்தல்’ என்று பெயர். மூத்தவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். வாத்தியார் இல்லாத நேரத்தில் அவன்தான் வாத்தியார். இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே 1623-இல் இக்கேரிப் பக்கம் வந்தபோது, ஆசிரியரே இல்லாமல் சிறுவர்கள் தரை மணலில் எழுதி ராகம்போட்டுச் சொல்லி ஒருவருக்கொருவர் கணக்குக் கற்றுக்கொள்வதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். பெல்லாரி கலெக்டர் ஏ.டி.காம்ப்பெல் 1823-இல் வருவாய் வாரியத்துக்கு அனுப்பிய அறிக்கையில், முதிர்ந்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டைப் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றார்.

இங்கிலாந்துக்கு அது போன வழி இந்த வாதத்தின் நடுச்சாட்சி. எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்காக நடந்த விடுதிப் பள்ளிக்கு 1789-இல் மேற்பார்வையாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அப்படியே செய்யும்படி ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியர் ஒத்துவரவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃப்ரிஸ்கனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார் பெல், வகுப்பு நடந்தது. ஊர் திரும்பியபின் 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் நீண்ட தலைப்பு, ஆசிரியர் அல்லது பெற்றோரின் மேற்பார்வையில் ஒரு பள்ளியோ குடும்பமோ தனக்குத்தானே கற்பித்துக்கொள்ளும் முறை என்று அதை அறிமுகப்படுத்துகிறது. அங்கே அவர் பயன்படுத்திய வினை ‘டீச்’. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் நேஷனல் சொசைட்டி இந்தச் ‘சென்னை முறை’யைத் தன் பள்ளிகளுக்கு எடுத்துக்கொண்டது. முறை பரவப் பரவ, அதை எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி நடத்துவதற்கு ஒரு கைநூல் தேவைப்பட்டது. மாணவர்களைக் கொண்டே பள்ளியை நடத்துவதற்கான ‘இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ என்பது பெல்லின் அந்தப் பிற்கால நூலுக்குத் தலைப்பு. முதல் தலைப்பில் பள்ளி தனக்குக் கற்பிக்கிறது. இரண்டாவதில் பள்ளிக்கு உத்தரவு போகிறது. சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய் ஒரு விதிநூலாக மாறிவிட்டான்.

சென்னையிலும் அதே திசையில்தான் போனார்கள், சற்று மெதுவாக. மன்றோவின் 1826 திட்டம் அடக்கமானது. கலெக்டர் ஜில்லா ஒன்றுக்கு இரண்டு வீதம் 40 பள்ளிகள், ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். தாசில் ஒன்றுக்கு ஒன்று வீதம் 300 பள்ளிகள், ஆசிரியருக்கு 9 ரூபாய். புத்தகச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு 48,000 ரூபாய். வாத்தியாரின் பசியைத் தீர்ப்பதே அதன் மையம். அதை நடத்த அமைந்த குழுவின் பெயரில் ‘பப்ளிக் இன்ஸ்ட்ரக்ஷன்’ ஏறிக்கொண்டது. 1827 ஜூலையில் மன்றோ காலராவில் இறந்தார். 1854 ஜூலை 19-ஆம் தேதியிட்ட சார்லஸ் வுட்டின் கடிதம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் பப்ளிக் இன்ஸ்ட்ரக்ஷன் துறை ஒன்று வேண்டுமென்றது; அடுத்த ஆண்டு அலெக்சாண்டர் அர்புத்நாட் சென்னையின் முதல் இயக்குநரானார். நாம் பல தலைமுறையாக டி.பி.ஐ. என்று சொல்லிவந்தது அந்தப் பதவியின் சுருக்கத்தைத்தான். துறையோடு இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். 1860-களில் தேர்ச்சிக்கேற்ற மானியம் வந்தது. இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ கொண்டுவந்த முறை அது. இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று பிள்ளைகளைச் சோதிப்பார். எத்தனை பேர் எதில் தேறினார்களோ அதற்குத் தக்கபடி பள்ளிக்குப் பணம். தன் ஊராரின் கூலியில் வாழ்ந்த திண்ணை வாத்தியார் இந்த மானியத்துக்குக் கைநீட்டிய நாளில், எதை எந்த வகுப்பில் எவ்வளவு சொல்லித்தர வேண்டும் என்பது அவர் கையைவிட்டுப் போனது. இன்ஸ்ட்ரக்ஷன் துறையின் முதல் மாணவர் அவர்தான். சோதிக்கப்பட்டவரும் அவர்தான், பிள்ளை வெறும் விடைத்தாள்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை, தட்டிக்கழிக்க முடியாதவை. முதலாவது, ஒரு சொல்லின் வேரையும் வேற்றுமை உருபையும் வைத்து ஒரு துறையின் குணத்தைச் சொல்லலாமா? ஆங்கிலம் பேசுகிற எல்லோரும் கற்பித்தலையும் ஏவுதலையும் குழப்பிக்கொண்டா இருக்கிறார்கள்? இல்லை. சொல் இந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. மானியமும் இன்ஸ்பெக்டரும் உண்டாக்கினார்கள். சொல் செய்தது அதை மறைத்த வேலை. பிரான்சும் தன் கல்வி அமைச்சகத்துக்கு ‘பொது இன்ஸ்ட்ரக்ஷன்’ என்றே பெயர் வைத்திருந்து 1932-இல் ‘தேசியக் கல்வி’ என்று மாற்றியது. மாற்றியதால் பாரிஸிலிருந்து உத்தரவு போவது நின்றுவிடவில்லை. பெயர் தடயம் மட்டுமே. ஆனால் தடயத்தைப் பின்தொடர்ந்தால்தான் வழி தெரியும்.

இரண்டாவது எதிர்வாதம், திண்ணையைப் பொற்காலமாக்குகிறீர்கள் என்பது. திண்ணையில் பிரம்பு இருந்தது, கோதண்டம் என்ற தொங்கவிடும் தண்டனை இருந்தது. பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தார்கள் என்று, முறையைப் பாராட்டிய அதே காம்ப்பெல்லே குறைசொல்லியிருக்கிறார். முழுதும் உண்மை. வாத்தியார் பிள்ளைகளை ஏவினார், அடித்தார். என் வாதம் திண்ணையில் அதிகாரமே இல்லை என்பதன்று. அங்கே அதிகாரம் வாத்தியாரோடு நின்றது என்பதே. கொடுமைக்கு அவரே பொறுப்பு, திறமைக்கும் அவரே பொறுப்பு. மோசமான வாத்தியாரிடமிருந்து பிள்ளையை அழைத்துப்போகும் உரிமை தகப்பனுக்கு இருந்தது. சுற்றறிக்கையின் பிழைக்கு யாரிடம் போய் நிற்பது?

மூன்றாவது எதிர்வாதம், மேலிருந்து வகுப்பது இங்கே பழைய வழக்கம்தான் என்பது. அதற்குச் செஞ்சிச் சீமையிலேயே சான்று கிடைக்கிறது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அங்கே நடந்த வேதக் கல்லூரியின் கணக்கைச் சொல்கிறது: 14 ஆசிரியர்கள், 340 மாணவர்கள். ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுர் வேதத்துக்கு 75 பேர், ரூபாவதாரம் என்ற இலக்கணத்துக்கு 40 பேர் என்று இளைய மாணவர் 270. வியாகரணம், பிரபாகரம், வேதாந்தம் படிக்கும் மூத்தவர் 70. இளையவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. ஆக, பாடமும் எண்ணிக்கையும் மேலிருந்து வகுப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு அன்று. சோழர் அதை நாழிக்கணக்கில் செய்தார்கள். ஒப்புக்கொள்ள வேண்டிய செய்திதான், கூடவே அந்தக் கல்லூரி யாருக்கு மட்டும் திறந்திருந்தது என்பதையும். இருந்தாலும் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. கல்வெட்டு எதைக் கற்பிப்பது, எத்தனை பேருக்கு, என்ன படி என்பதோடு நின்றுவிடுகிறது. எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியரிடம் அது பேசவில்லை. கொடை கொடையாகவும் ஆணை ஆணையாகவும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆணைக்கு அறிவுரையின் வேடம் போடவில்லை.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் சாதியைப் பற்றியது. வாத்தியாரைத் தன்போக்கில் விட்டிருந்தால் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை திண்ணை ஏறியிருக்குமா? செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1893-இல் வந்த அரசாணைதானே பஞ்சமர் கல்விக்குப் பெரிய வாசலைத் திறந்தது? 1920-இன் தொடக்கக் கல்விச் சட்டம், பிறகு வந்த இலவசக் கல்வி, மதிய உணவு எல்லாம் மேலிருந்து வந்த ஆணைகள் இல்லையா? ஆம், ஆணைகள்தான்; அப்படி இருந்ததால்தான் பயன்பட்டன. யாரையும் வாசலில் தடுக்காதே என்பது எந்த ஆசிரியருடைய விருப்பத்துக்கும் விடக்கூடிய விஷயம் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்கு ‘அறிவுறுத்தல்’ என்று பெயர் வைத்தால் அதன் வலு குறைகிறதே தவிரக் கூடுவதில்லை. வாசலில் ஆணை இருக்க வேண்டும், கரும்பலகை முன்னால் ஆசிரியர் இருக்க வேண்டும். ஒரே வினைச்சொல் இரண்டு இடத்திலும் நின்றால், வாசலில் அது இளகிப்போகிறது, கரும்பலகையின் முன்னால் இறுகிப்போகிறது. இன்ஸ்ட்ரக்ஷன் துறை விட்டுச்சென்ற சேதம் இதுதான் என்பது என் மதிப்பீடு.

இன்று பள்ளிக்குப் போகும் கடிதங்களில் மாணவர் சேர்க்கை, எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றுவது, வகுப்பில் எந்த நாளில் எந்தச் செயல்பாடு என்பது எல்லாம் ஒரே ‘அறிவுறுத்தப்படுகிறார்கள்’ என்ற சொல்லின்கீழ் வருகின்றன. அந்தச் செயப்பாட்டு வினையில் எழுவாய் காணாமல் போய்விடுகிறது. அறிவுறுத்தியது யார் என்று வாக்கியம் சொல்வதில்லை. முதல் வகையைச் செய்யாதவர் சட்டத்தை மீறியவர். மூன்றாவது வகையைச் செய்யாத ஆசிரியர், தன் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து வேறு வழி எடுத்தவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே கேள்விக் கடிதம் போவது நியாயம் இல்லை. கையேடே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கும் ஆசிரியருக்கு நல்ல கையேடு பெரிய உதவி. அது உதவியா கட்டாயமா என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்துக்கு 2022-இல் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாற்றினார்கள். பலகையில் இன்ஸ்ட்ரக்ஷன் போய்க் கல்வி வந்துவிட்டது. கடிதத்தின் கடைசி வரி மட்டும் மாறவில்லை. அதை மாற்றப் புதிய சட்டம் தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. செயல்முறைகள் எழுதும் அலுவலர்கள், கட்டாயமானதை ‘ஆணையிடப்படுகிறது’ என்றும், எந்த விதியின்படி என்றும் எழுதட்டும். கட்டாயமில்லாததை ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதி, ஏற்பதா வேண்டாமா என்பதை ஆசிரியரிடம் விட்டுவிடட்டும்.